மருந்துப் பெயருக்கு முன்னால் ‘பெக்’ எதற்கு? புரோட்டீனோடு பாலிமரை ஒட்டும் வித்தையும், அதில் இருக்கும் சிக்கலும்

கீமோதெரபி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சில நோயாளிகளிடம் நர்ஸ் இப்படிச் சொல்வார்: “நாளைக்கு ஒரே ஒரு ஊசி போட்டுக்கணும், மறந்துடாதீங்க.” வேறு சிலருக்கு அதே காரணத்துக்காக தினமும் ஒரு ஊசி. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் வரைகூட நீளும்.

இரண்டு ஊசியும் செய்யும் வேலை ஒன்றுதான். கீமோவால் குறைந்துபோன வெள்ளை அணுக்களை மீண்டும் ஏற்றுவது. இரண்டிலும் இருக்கும் அடிப்படை புரோட்டீனும் ஒன்றுதான். தினமும் போடுவதன் பெயர் ஃபில்கிராஸ்டிம். ஒரு கீமோ சுற்றுக்கு ஒருமுறை போடுவதன் பெயர் பெக்ஃபில்கிராஸ்டிம்.

முன்னால் ஒட்டியிருக்கும் அந்த ‘பெக்’ என்ன? இரண்டே எழுத்து சேர்ந்ததும் பத்து ஊசி எப்படி ஒரு ஊசியாகக் குறைகிறது? அப்படி ஒட்டுவதில் ஆபத்து ஏதும் உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

‘பெக்’ என்றால் என்ன?

பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பதன் சுருக்கம்தான் பெக். இது ஒரு செயற்கை பாலிமர். அதாவது, ஒரே மாதிரியான சின்னச் சின்ன துண்டுகளை சங்கிலி போலக் கோத்து உருவாக்கிய நீளமான மூலக்கூறு.

பெயர் புதுசா தெரியலாம். ஆனால் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் ‘மேக்ரோகால்’ பவுடர் இதுதான். கொலோனோஸ்கோப்பிக்கு முன்பு குடலைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லும் கரைசலிலும் இது இருக்கிறது. முகத்துக்குப் பூசும் கிரீம், மாத்திரையின் மேல்பூச்சு எனப் பல இடங்களில் பயன்படுகிறது.

இதன் முக்கியமான குணம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. இந்தச் சங்கிலியைச் சுற்றி தண்ணீர் மூலக்கூறுகள் மொய்த்து நிற்கும். அதனால் எடைக்குப் பொருந்தாத அளவுக்கு அது பெரிதாகத் தெரியும். மருந்து ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் குணத்தைத்தான்.

மருந்தோடு இதை ஏன் ஒட்டணும்?

மாத்திரையாகச் சாப்பிடும் பல மருந்துகள் சிறிய மூலக்கூறுகள். ஆனால் இன்டர்ஃபெரான், எரித்ரோபொயட்டின் போன்றவை புரோட்டீன்கள். இவற்றை வாயால் சாப்பிட்டால் வயிற்றிலேயே செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

ஊசியாகப் போட்டாலும் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதல் தடை கிட்னி. சிறிய புரோட்டீன்களை அது வடிகட்டி வெளியேற்றிவிடும். இரண்டாவது, ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் என்சைம்கள். இவை புரோட்டீனைத் துண்டு துண்டாக வெட்டும். மூன்றாவது, நோய் எதிர்ப்பு மண்டலம். ‘இது நம்ம உடம்போட பொருள் இல்லையே’ என்று தோன்றினால் ஆன்டிபாடியை உருவாக்கித் தாக்கும்.

பெக் சங்கிலியை ஒட்டினால் இந்த மூன்றும் ஓரளவு தள்ளிப்போகும். உருவம் பெரிதாவதால் கிட்னியின் சல்லடையில் எளிதில் நுழையாது. சுற்றி நிற்கும் தண்ணீர்ப் போர்வையால் என்சைம்களும் ஆன்டிபாடிகளும் புரோட்டீனை நெருங்கச் சிரமப்படும்.

ஃபில்கிராஸ்டிமையே எடுத்துக்கொள்வோம். புரோட்டீனின் எடை சுமார் 19 கிலோடால்டன். கிலோடால்டன் என்பது மூலக்கூறுகளுக்கான எடை அளவு. இதோடு 20 கிலோடால்டன் எடையுள்ள ஒரே ஒரு பெக் சங்கிலியை ஒட்டுகிறார்கள். மொத்த எடை சுமார் 39. விளைவு? ஃபில்கிராஸ்டிமின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் மூன்றரை மணி நேரம்தான் ஆகும். பெக் ஒட்டியதற்கு 15 முதல் 80 மணி நேரம் வரை ஆகும்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. கிட்னி வழி அடைபட்டுவிட்டதால், இந்த மருந்தைப் பெரும்பாலும் வெளியேற்றுவது நியூட்ரோபில் எனப்படும் வெள்ளை அணுக்களே. அணுக்கள் குறைவாக இருக்கும்வரை மருந்து ரத்தத்தில் தங்கும். அணுக்கள் ஏறியதும் அவையே மருந்தைக் காலி செய்துவிடும். வேலை முடிந்ததும் மருந்து தானாகவே கிளம்பிவிடுகிறது!

எப்போது தொடங்கியது இந்த யோசனை?

1970களில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில். அங்கு பேராசிரியராக இருந்த ஃபிராங்க் டேவிஸும், ஆப்ரஹாம் அபுகோவ்ஸ்கி உள்ளிட்ட அவரது குழுவினரும் மாட்டிலிருந்து எடுத்த புரோட்டீன்களோடு பெக் சங்கிலிகளை ஒட்டிப் பார்த்தார்கள். விலங்குகளுக்குச் செலுத்தியபோது எதிர்ப்பு குறைவாக இருந்தது. ஒட்டப்பட்ட என்சைம் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கியது. 1977ல் இந்த முடிவுகள் வெளியாயின.

1990ல் முதல் மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. பெயர் அடாஜென். பிறவியிலேயே ஏடிஏ என்ற என்சைம் இல்லாமல், நோய் எதிர்ப்பு சக்தியே இன்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கான மருந்து இது. மாட்டிலிருந்து எடுத்த என்சைமோடு பெக் ஒட்டியது.

1994ல் ரத்தப் புற்றுநோய்க்கான ஆன்காஸ்பார் வந்தது. 2001, 2002ல் ஹெபடைடிஸ் சி நோய்க்கான இரண்டு பெக் இன்டர்ஃபெரான்கள் வந்தன. வாரம் மூன்று ஊசி என்று இருந்தது வாரம் ஒரு ஊசியாக மாறியது. 2007ல் வந்த மிர்செரா, கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்கு மாதம் ஒருமுறை போடும் அளவுக்கு நேரத்தை நீட்டியது.

சரி, எங்கே ஒட்டுவது? இதுதான் முக்கியமான கேள்வி

புரோட்டீனை ஒரு சாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேல் இருக்கும் பூட்டில் அது சரியாக நுழைந்தால்தான் வேலை நடக்கும். அந்தச் சாவியில் ஒரு நீளமான கயிறைக் கட்டணும். சாவியின் தலையில் இருக்கும் வளையத்தில் கட்டினால் பிரச்னை இல்லை. பல் இருக்கும் பக்கம் சுற்றிக் கட்டினால் பூட்டுக்குள் போகவே போகாது.

பெக் விஷயத்திலும் இதே கதைதான். கயிறு எல்லாருக்கும் ஒன்று. எங்கே முடிச்சுப் போடுகிறோம், எந்த முடிச்சுப் போடுகிறோம் என்பதில்தான் மருந்தின் தலையெழுத்தே இருக்கிறது. கடந்த 50 ஆண்டுகளில் இந்த முடிச்சு எப்படியெல்லாம் மாறியது என்று பார்க்கலாம்.

1. கிடைத்த இடத்தில் ஒட்டுவது

ஆரம்பகால வழி இது. புரோட்டீன் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அதில் லைசின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வினைபுரியவும் தயாராக இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளை பெக் முனையில் வைத்தால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

செய்வதற்கு எளிது. ஆனால் ஒரு புரோட்டீனில் பல லைசின்கள் இருக்குமே! ஒரு மூலக்கூறில் இந்த இடத்தில் ஒட்டும், அடுத்ததில் வேறு இடத்தில் ஒட்டும். கடைசியில் கிடைப்பது ஒரே மருந்து அல்ல, பல வகைகள் கலந்த கலவை.

பெகாசிஸ் என்ற பெக் இன்டர்ஃபெரான் இதற்கு நல்ல உதாரணம். 40 கிலோடால்டன் எடையுள்ள பெரிய பெக் அதில் இருக்கிறது. சோதனைக்கூட அளவீட்டில், சாதாரண இன்டர்ஃபெரானின் திறனில் சுமார் 7 சதவீதம்தான் மிஞ்சியது. அப்படின்னா தோல்வியா? இல்லை. திறன் குறைந்தாலும் ரத்தத்தில் பல நாள் தங்கியதால், ஒட்டுமொத்த பலன் கூடுதலாகவே இருந்தது. திறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கும் பேரம் இது.

2. ஒரு முனையில் மட்டும் ஒட்டுவது

ஒவ்வொரு புரோட்டீன் சங்கிலிக்கும் ஒரு தொடக்க முனை உண்டு. அங்கிருக்கும் அமீன் என்ற வேதிக்குழு, லைசினில் இருப்பதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. கரைசலை லேசான அமிலத்தன்மையில் வைத்தால், லைசின்கள் வினைபுரியாமல் ஒதுங்கிக்கொள்ளும். முனை மட்டும் வினைபுரியும். பெக்ஃபில்கிராஸ்டிம் இப்படித்தான் உருவாகிறது. ஒரு புரோட்டீனுக்கு ஒரு பெக், அதுவும் குறிப்பிட்ட ஒரே இடத்தில்.

3. சிஸ்டீனைப் பிடிப்பது

சிஸ்டீன் என்பது கந்தகம் உள்ள அமினோ அமிலம். ஜோடி சேராமல் தனியாக நிற்கும் சிஸ்டீன் புரோட்டீன்களில் அரிது. அதனால் மரபணு மாற்றம் மூலம் வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சிஸ்டீனை வைத்துவிட்டு, அதில் மட்டும் பெக்கை ஒட்டலாம். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது மேலிமைடு என்ற இணைப்பு. முடக்குவாதத்துக்கும், குடல் அழற்சி நோயான குரோன்ஸுக்கும் தரப்படும் செர்டோலிசுமாப் பெகால் இந்த ரகம்.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. மேலிமைடு இணைப்பு சில சூழல்களில் ரத்தத்துக்குள்ளேயே மெல்ல அவிழ்ந்து, அங்கிருக்கும் அல்புமின் போன்ற வேறு புரோட்டீனோடு போய் ஒட்டிக்கொள்ளலாம். இதைத் தடுக்க, முடிச்சை இறுக்கும் புதிய வகை மேலிமைடுகளை வேதியியலாளர்கள் உருவாக்கிவருகிறார்கள்.

4. என்சைமை வேலைக்கு வைப்பது

உடலுக்குள் புரோட்டீன்களோடு சர்க்கரையை ஒட்டும் என்சைம்கள் இருக்கின்றன. அதே என்சைம்களிடம் பெக் கோத்த சர்க்கரையைக் கொடுத்தால்? பழக்கதோஷத்தில் சரியான இடத்திலேயே ஒட்டிவிடும். 2013ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற லிபெக்ஃபில்கிராஸ்டிம் இந்த வழியில் வந்தது.

5. புதிய எழுத்தைச் சேர்ப்பது

இயற்கையில் புரோட்டீன்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவினர், இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைக்கூட வேண்டிய இடத்தில் செருகும்படி செல்களைப் பழக்கினார்கள். அந்தப் புதிய ‘எழுத்தில்’ மட்டும் ஒட்டும் வினையைப் பயன்படுத்தினால், குறி தப்பவே தப்பாது. 2022ல் வேதியியல் நோபல் பெற்ற ‘கிளிக் வேதியியல்’ இங்கே கைகொடுக்கிறது.

6. ஒட்டாமல் வளர்ப்பது

பெரிய பாலிமரும் பெரிய புரோட்டீனும் சந்தித்து ஒட்டுவது கடினம். ஒட்டாமல் மிஞ்சுவதைப் பிரிப்பது அதைவிடக் கடினம். அதனால் சில ஆய்வாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள். புரோட்டீனில் ஒரு சிறிய தொடக்கப் புள்ளியை மட்டும் ஒட்டிவிட்டு, அங்கிருந்தே பாலிமரை ஒவ்வொரு கண்ணியாக வளர்ப்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்டோஃப் மாட்டியாஷெவ்ஸ்கி வளர்த்தெடுத்த, ‘ஏடிஆர்பி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிமர் முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

பெப்டைடு என்றால் கொஞ்சம் எளிது

பெப்டைடு என்பது குட்டிப் புரோட்டீன். பெரும்பாலும் இயந்திரத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்தே தயாரிக்கலாம். அதனால் எந்த இடத்தில் பாலிமர் வரணும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடலாம். 2021ல் அனுமதி பெற்ற பெக்செட்டகோபிளான் இப்படிப்பட்டது. ஒரு நீண்ட பெக் சங்கிலி, அதன் இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான பெப்டைடு. ரத்தச் சிவப்பணுக்கள் தானாக உடையும் ஓர் அரிய நோய்க்கு முதலில் வந்தது. 2023ல் வயதானவர்களின் விழித்திரைத் தேய்வுக்கும் அனுமதி கிடைத்தது.

முடிச்சு மாறினால் என்ன ஆகும்? ஒரு நேரடி உதாரணம்

இதெல்லாம் ஆய்வகத்தில் இருப்பவர்களின் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் மருந்தைப் பாருங்கள்.

‘ஏஎல்எல்’ என்று அழைக்கப்படும் லுகேமியாதான் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய். இதன் சிகிச்சையில் அஸ்பாரஜினேஸ் என்ற என்சைமுக்கு முக்கிய இடம் உண்டு. புற்றுநோய் செல்களுக்குத் தேவையான அஸ்பாரஜின் என்ற சத்தை ரத்தத்திலிருந்தே அது காலி செய்துவிடும். சாப்பாடு இல்லாமல் அந்த செல்கள் சாகும்.

இந்த என்சைமை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கிறார்கள். பாக்டீரியா புரோட்டீன் என்பதால் உடல் எதிர்க்கும். ஒவ்வாமை வரும். வாரத்துக்குப் பல ஊசி தேவைப்படும். பல டஜன் பெக் சங்கிலிகளைச் சுற்றிலும் ஒட்டியபோது ஆன்காஸ்பார் கிடைத்தது. இரண்டு ஊசிக்கு இடையே குறைந்தது 14 நாள் இடைவெளி விடலாம். சின்னக் குழந்தையின் தொடையில் எத்தனை முறை ஊசி குத்துவது என்று தவிக்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஆன்காஸ்பாரில் பெக்கையும் என்சைமையும் சேர்க்கும் இணைப்பில் எஸ்டர் என்ற பிணைப்பு இருந்தது. தண்ணீர் பட்டால் மெல்ல உடையும் பிணைப்பு அது. மருந்தோ திரவ வடிவில் இருக்கிறது! குப்பியில் இருக்கும்போதே பெக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். அதனால் அந்தத் திரவ மருந்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் சுமார் 8 மாதம்தான் வைத்திருக்க முடிந்தது.

2018 டிசம்பரில் அஸ்பார்லாஸ் என்ற புதிய மருந்துக்கு எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அதே ஈ.கோலை என்சைம், அதே பெக் பாலிமர். முக்கியமான வித்தியாசம், நடுவில் இருக்கும் இணைப்பு. எஸ்டருக்குப் பதிலாகத் தண்ணீரில் எளிதில் உடையாத வேறு பிணைப்பு. கெடாமல் இருக்கும் காலம் 36 மாதமானது. ஊசிகளுக்கு இடையேயான இடைவெளியும் 21 நாளானது.

சில அணுக்கள் இடம் மாறியதில் வந்த வித்தியாசம் இது. பெரிய நகர மருத்துவமனையைத் தாண்டி மருந்து போய்ச் சேர வேண்டிய இடங்களில், 8 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது.

எல்லாம் நல்லாத்தானே போகுது, பிரச்னை எங்கே?

‘பெக்கை உடல் கண்டுகொள்ளாது’ என்பதுதான் இந்தத் துறையின் தொடக்க நம்பிக்கை. அது முழு உண்மை இல்லை என்பது பின்னால் தெரியவந்தது.

யூரிக் அமிலம் கூடி மூட்டுகள் வீங்கும் கவுட் நோய்க்கு பெக்லோட்டிகேஸ் என்ற மருந்து 2010ல் வந்தது. தொடக்ககால பரிசோதனைகளில் சுமார் 42 சதவீதம் பேருக்குத்தான் பலன் நீடித்தது. பலருக்கு மருந்து முதலில் வேலை செய்துவிட்டுப் பிறகு நின்றுபோனது. காரணத்தைத் தேடியபோது, உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகள் பெரும்பாலும் என்சைமை விட்டுவிட்டு பெக்கைக் குறிவைத்தது தெரிந்தது. பாதுகாக்கப் போட்ட போர்வையே அடையாளமாகிவிட்டது!

பின்னர் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தவர்கள் 71 சதவீதமாக உயர்ந்தார்கள். அதே பரிசோதனையில் அது இல்லாமல் பெற்றவர்களில் 39 சதவீதம்தான். 2022ல் இந்தச் சேர்க்கைக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

இன்னும் கவலை தந்தது பெஜினெசடைடு. டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2012 மார்ச்சில் அனுமதி பெற்ற பெப்டைடு மருந்து. மாதம் ஒரு ஊசி போதும் என்பதால் வரவேற்பு இருந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை. முதல் டோஸ் போட்ட அரை மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. உயிரிழப்புகளும் நடந்தன. 2013 பிப்ரவரியில் மருந்து முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது. 25,000க்கும் அதிகமானோர் அதைப் பெற்றிருந்தார்கள். அவர்களில் உயிரிழந்தவர்கள் சுமார் 0.02 சதவீதம். குப்பியில் சேர்த்த மற்ற பொருட்கள் மீதும் சந்தேகம் எழுந்தது என்பதால், பழி முழுவதையும் பெக் மீது போட முடியாது. ஆனாலும் ‘பெக் என்றாலே பாதுகாப்பு’ என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

கோவிட் காலத்தில் இந்த விவாதம் மீண்டும் வந்தது. ஃபைசர், மாடர்னா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் புரோட்டீனோடு அல்லாமல், கொழுப்புத் துகளோடு பெக் சேர்க்கப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தபோது முதலில் சந்தேகம் விழுந்தது பெக் மீதுதான். அப்படிப்பட்ட பாதிப்பு மிக மிக அரிதாகவே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்தே எடுக்காதவர்கள் உடலிலும் பெக் எதிர்ப்பு ஆன்டிபாடி இருக்குமா? இருக்கும். கிரீம், மாத்திரை என நாம் அன்றாடம் பெக்கோடு தொடர்பில் இருப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2016ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுமார் 72 சதவீத ரத்த மாதிரிகளில் இதைக் கண்டது. அதே ஆண்டு தைவானில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வில் சுமார் 44 சதவீதம். சோதிக்கும் முறையைப் பொறுத்து எண்ணிக்கை நிறைய மாறும். பலருக்கு இது மிகக் குறைந்த அளவில், எந்தப் பாதிப்பும் இல்லாமல் இருக்கும். அதனால் எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. ரத்தத்தில் போன பிறகு மெல்ல மெல்லக் கழன்று விழும்படி பெக்கை ஒட்டிய பெம்பெகால்டெஸ்லூகின் என்ற புற்றுநோய் மருந்து மிகப் பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2022ல் மெலனோமா நோயாளிகளிடம் நடந்த இறுதிக்கட்டப் பரிசோதனையில் அது தோற்றது. முடிச்சு எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும், நோயாளிக்குப் பலன் இருக்கிறதா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

பெக்குக்கு மாற்று வருமா?

பல குழுக்கள் அதற்காக வேலை செய்கின்றன.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆஷுதோஷ் சில்கோட்டி குழுவினர், ஒரே நீளமான சங்கிலிக்குப் பதிலாக பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். நடுத்தண்டில் குட்டைக் குட்டையான பெக் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு மிகச் சிறிதாக இருந்தால் ஆன்டிபாடியால் பிடிக்க முடியாது என்பது யோசனை.

ஷாவோயி ஜியாங் குழுவினர், நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஒரே அளவில் உள்ள பாலிமர்களை முயல்கிறார்கள். இவை பெக்கைவிட இறுக்கமாகத் தண்ணீரைப் பிடிக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஹெதர் மேனார்ட் குழுவினர் எடுத்துக்கொண்டது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. காய்ந்துபோனாலும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் சில உயிரினங்களில் இருப்பது இது. இந்தச் சர்க்கரை தொங்கும் பாலிமரைப் புரோட்டீனோடு ஒட்டினால், சூட்டையும் உலர்த்தலையும் அது தாங்குகிறது என்று 2012லேயே காட்டினார்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் உள்ள மருந்து என்னாகுமோ என்று கவலைப்படும் ஊர்களுக்கு இந்த ஆராய்ச்சி மிக முக்கியம்.

செயற்கை பாலிமரே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. 2023ல் எஃப்டிஏ அனுமதி பெற்ற ஹீமோஃபீலியா மருந்து ஒன்றில், பெக் போலவே நடந்துகொள்ளும் நீளமான அமினோ அமிலச் சங்கிலி மரபணு வழியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. தனியாக ஒட்டும் வேலையே கிடையாது. இப்போது எல்லாரும் பேசும் செமாகுளூடைடு வாரம் ஒரு ஊசியாக இருப்பதற்கும் பெக் காரணம் இல்லை. அதில் ஒட்டியிருப்பது ஒரு கொழுப்பு அமிலம். ரத்தத்தில் இருக்கும் அல்புமினைப் பிடித்துக்கொண்டு அது சுற்றிவருகிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

கணிசமான பங்கு. பெக்ஃபில்கிராஸ்டிமுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பயோசிமிலர், பெங்களூரு பயோகான் நிறுவனமும் மைலானும் சேர்ந்து கொண்டுவந்த ஃபுல்ஃபிலா. ஆண்டு 2018. பயோசிமிலர் என்றால், அசல் உயிரி மருந்துக்கு மிக நெருக்கமாக இன்னொரு நிறுவனம் தயாரிப்பது. 2021 ஏப்ரலில், கோவிட் இரண்டாம் அலையின்போது, அகமதாபாத் சைடஸ் நிறுவனத்தின் பெக் இன்டர்ஃபெரானான விராஃபினுக்கு மிதமான பாதிப்பு உள்ளவர்களுக்கான அவசரகால அனுமதி கிடைத்ததும் நினைவிருக்கலாம்.

பயோசிமிலர் தயாரிப்பில் பெக் மருந்து கூடுதல் சவால். புரோட்டீன் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பாலிமரின் நீளம், ஒட்டிய இடம், ஒட்டாமல் மிஞ்சியதன் அளவு எல்லாமே ஒத்துப்போக வேண்டும். தயாரிக்கும் நிறுவனங்கள் கூடும்போது விலை குறையும் வாய்ப்பு இருக்கிறது. அதே நேரத்தில் முடிச்சு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குக் கூடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதா என்ற கேள்வியோடு, அசலோடு ஒப்பிட்ட தரவு இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவை

• பெயரை முழுசா படிங்க. ஃபில்கிராஸ்டிமும் பெக்ஃபில்கிராஸ்டிமும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. அளவும் வேறு, இடைவெளியும் வேறு. மருந்துக்கடையில் ‘இதுவும் அதுவும் ஒண்ணுதான்’ என்று சொன்னால் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

• நேரம் முக்கியம். பெக்ஃபில்கிராஸ்டிமை கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குள் போடக் கூடாது. ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

• மேக்ரோகால் பவுடர், கொலோனோஸ்கோப்பி கரைசல் ஆகியவற்றைக் குடித்தபோதோ, ஊசி போட்டபோதோ உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க.

• சொன்னபடி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்க. ஃபிரீசரில் வைக்கக் கூடாது. ஊசி மருந்தைக் குலுக்கவும் கூடாது.

• ஒவ்வாமை பயத்தில் நீங்களாகவே ஊசியை நிறுத்த வேண்டாம். பெக் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று வழி பெரும்பாலும் இருக்கிறது. உதாரணமாக, பெக் அஸ்பாரஜினேஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு எர்வினியா என்ற வேறு பாக்டீரியாவிலிருந்து எடுத்த, பெக் இல்லாத என்சைமைக் கொடுக்கிறார்கள்.

மொத்தத்தில்...

பெக் நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்பு சொல்ல முடியாது. கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாக லட்சக்கணக்கானோரின் ஊசிகளைக் குறைத்த பாலிமர் இது. அதே பாலிமரை உடல் அடையாளம் கண்டு எதிர்த்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. எந்த பாலிமர், எந்த இடத்தில், எந்த முடிச்சு என்று மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மருந்து அட்டையில் பெயர் ‘பெக்’ என்று தொடங்கினால், ஊசி எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.